பீரோவில் இருப்பது கவரிங் சங்கிலி

மேடம்,

எனக்கு வயது 43. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டிய கிராமம். கொத்தனார் வேலை. எங்கள் பக்கத்து ஆட்கள் பலரையும் போல எனக்கும் வேலை பெரும்பாலும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம்தான். அங்கே கூலி கூடுதல். காலையில் களியக்காவிளை தாண்டிப் போய், இருட்டும்போது திரும்புவேன்.

2022 ஓணம் பம்பரில் திருவனந்தபுரத்து ஆட்டோ டிரைவர் ஒருவருக்கு 25 கோடி விழுந்ததைச் சாயாக்கடை டிவியில் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்கு முன்பு எப்போதாவது ஒரு டிக்கெட் எடுத்ததுண்டு. அந்த வாரத்திலிருந்து தினமும் ஒன்று. இரண்டாவது மாதம் கடைசி நான்கு எண் பொருந்தி 5,000 ரூபாய் விழுந்தது. மகளுக்குக் கொலுசு வாங்கிக்கொண்டு போனேன். வீடே சிரித்தது.

ஒன்று ஐந்தாயிற்று, ஐந்து செட்டாயிற்று, அதாவது கடைசி எண்கள் ஒன்றாக இருக்கும் டிக்கெட்டுகளின் கட்டு. அப்புறம் ஒருவர் மூன்று நம்பர் எழுதும் இடத்தைக் காட்டிக் கொடுத்தார். முதல் பரிசின் கடைசி மூன்று எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும். கனவில் வந்த எண், ரோட்டில் போன வண்டியின் எண் என்று நாளுக்கு இருபது எண் எழுதுகிறேன். 500 ரூபாய்க்குக் குறையாமல் போகிறது. மூன்று மணிக்குக் குலுக்கல். சாரத்தில் நின்றபடியே போனை எடுப்பேன். ஒருமுறை கால் வழுக்கிவிட்டது, கையாள் பையன் சட்டையைப் பிடித்து இழுத்தான். போன வாரம் 417 எழுதினேன், வந்தது 418. ஒரே ஒரு எண், மேடம். அன்று ராத்திரி நான் உறங்கவே இல்லை.

கடன் 3,80,000 ரூபாய் ஆகிவிட்டது. 60,000 என் மனைவி மகளிர் குழுவில் எடுத்துத் தந்தது, பைக் ரிப்பேர், பழைய பாக்கி என்று பொய் சொன்னேன். 90,000 வார வட்டிக்கு வாங்கினது. 80,000 கூட வேலை செய்பவர்களிடம். மீதி 1,50,000 அவளுடைய மூன்று பவுன் சங்கிலி. அதை அடகு வைத்துவிட்டு, அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலியை வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறேன். அவள் விசேஷத்துக்குத்தான் அதை எடுப்பாள். ஜூனில் மகளை நர்சிங் சேர்க்க வேண்டும். சங்கிலியை வைத்துப் பணம் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குப் போனபோது இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பதினோரு நாள் தாங்கியது. நான் கெட்டவன்தானா? ஒரு நல்ல தொகை விழுந்தால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நிறுத்திவிடுவேன். சில ராத்திரி, நான் இல்லாமல் போனாலே இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

— எல்லையோரத்திலிருந்து ஒருவர்

*

அன்புத் தம்பி,

நீங்கள் கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் இல்லாமல் போனால் கடன் அப்படியே இருக்கும், அதைச் சுமக்க உங்கள் மனைவி தனியாக இருப்பார். சூதாட்டக் கடனில் சிக்கியவர்களுக்கு இந்த எண்ணம் வருவது அதிகம், அதனால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்று ராத்திரி அப்படித் தோன்றினால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. எந்த நேரமும் இயங்கும், இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. அந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்காமல் மனைவியையோ அண்ணன் தம்பியையோ எழுப்புங்கள். காரணம் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

நீங்கள் கெட்டவர் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது ஒரு நோய். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்டத்தை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. குடிநோயாளியிடம் சத்தியம் வாங்கினால் எப்படி நிற்காதோ, அப்படித்தான் உங்கள் சத்தியமும் நிற்கவில்லை. பதினோரு நாள் நீங்கள் நின்றீர்கள் என்பதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் நாள் உங்கள் கையில் பணம் இருந்தது, வழியில் கடை இருந்தது, போனில் மூன்று மணி வந்தது. அம்மனுக்குச் சொன்ன வார்த்தையால் இந்த மூன்றையும் மாற்ற முடியாது. நாம்தான் மாற்ற வேண்டும்.

அந்த 417க்கு வருகிறேன், ஏனென்றால் உங்களை இப்போது பிடித்து வைத்திருப்பது அதுதான். கிட்டத்தட்ட விழுந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். கணக்காகப் பார்ப்போம். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும், ஓர் இலக்கம் மட்டும் மாறி மற்ற இரண்டும் பொருந்தும் எண்கள் 27 இருக்கின்றன. இருபது எண் எழுதினால் 540. அதாவது, தினமும் இருபது எண் எழுதுகிறவருக்குச் சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு முறை 'ஒரே எண்ணில் போச்சு' நடந்தே தீரும். அது அதிர்ஷ்டம் பக்கத்தில் வந்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. 417 எழுதியவருக்கு 418 வந்தாலும் 902 வந்தாலும் தோல்வி ஒன்றுதான். நாளைக்கு விழ வாய்ப்பு அதே ஆயிரத்தில் இருபது. ஆனால் மூளை இதை ஒத்துக்கொள்ளாது. மயிரிழையில் தவறும்போது, ஜெயித்தால் துடிக்கும் இடங்களே மூளையில் துடிக்கின்றன என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் உறக்கத்தைக் கெடுத்தது அந்தத் துடிப்புதான்.

முதலில் விழுந்த 5,000மும் அப்படித்தான். எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் ஆளை மிக இறுக்கமாகக் கட்டும். தினமும் காலை பத்து மணிக்குச் சரியாக நூறு ரூபாய் விழுந்துகொண்டிருந்தால் உங்களுக்கு எப்போதோ சலித்திருக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். ஒரு நல்ல தொகை விழுந்தால் நிறுத்திவிடுவேன் என்கிறீர்கள். நிறுத்த மாட்டீர்கள். 5,000 விழுந்தபோது ஒன்று ஐந்தானது, இல்லையா? இழந்ததைத் துரத்திப் பிடிப்பது இந்த நோயின் முக்கியமான அறிகுறி. 3,80,000ஐ உங்கள் சாந்துக் கரண்டி அடைக்கும், நாள் ஆகும், ஆனால் அடைக்கும். குலுக்கல் அடைக்காது.

சரி, செய்ய வேண்டியது என்ன? தமிழ்நாட்டில் லாட்டரி 2003லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் உங்கள் ஊரில் அந்தத் தடை களியக்காவிளையோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அரசே நடத்துகிறது. அதனால் மூன்று மாதமாவது மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் வேலை பாருங்கள். கூலி குறையும் என்பது எனக்குத் தெரியும். நாளுக்கு 200 ரூபாய் குறைந்தாலும் 25 நாளில் 5,000தான். நீங்கள் எழுதும் நம்பருக்கு அதே 25 நாளில் 12,500 போகிறது. கூலியைக் கையில் வாங்காதீர்கள். கான்ட்ராக்டரிடம் சொல்லி மனைவியின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், சாயாவுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இருக்கும் பணம் அனுப்பும் வசதியையும் எடுத்துவிடுங்கள். டிக்கெட்டை விட்டவர்கள் பலர் போன் ரம்மியில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது, ஆனால் கள்ள ஆப்கள் போனுக்குத் தேடி வரும்.

மூன்று மணிக்குப் போன் கையாள் பையனிடம் இருக்கட்டும். மனசு முறுக்கும், கை பரபரக்கும். அந்த வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணி சாரத்தில் ஏறாமல் கீழே செய்கிற வேலையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே புற நோயாளிச் சீட்டு எடுத்துப் போய், எனக்கு எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். உறக்கமின்மையும் சாகும் எண்ணமும் இருப்பதால் மனச்சோர்வு இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்குப் பேச்சு வழி சிகிச்சைதான் முதன்மை, தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள். அங்கே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம், பார்த்தால் பார்க்கட்டும்.

வார வட்டிக்குத் தனியாக ஒரு வழி உண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003 முதல் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. நாகர்கோவில் நீதிமன்றத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேளுங்கள். மிரட்டலுக்குப் பயந்து இன்னொரு கடன் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

இனிச் சங்கிலி. ஜூன் வரை காத்திருந்தால் உங்கள் மனைவி அதை அடகுக் கடைக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் உரசிப் பார்த்து, பலர் முன்னால் சொல்லுவார். உங்கள் வாயால் கேட்க வேண்டியதை உங்கள் மனைவி அப்படிக் கேட்கக் கூடாது, தம்பி. அதற்கு முன்னால் சொல்லுங்கள். மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், 3,80,000மும் அதில் இருக்க வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தவர்கள், அந்த மறைத்த பாதியை ஜெயித்து அடைக்கத்தான் மறுபடி டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார்கள். அவர் அழலாம், கத்தலாம், கொஞ்ச நாள் பேசாமல் இருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. மன்னிப்பை அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் அவருடைய அண்ணனையோ உங்கள் அக்காவையோ பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. ஒரே ஒரு வேண்டுகோள். நிலத்தை விற்றோ உங்கள் வீட்டாரிடம் வாங்கியோ மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைத்துவிடாதீர்கள். பாரம் சட்டென்று இறங்கினால் பழைய தெம்பு வந்துவிடும், கூடவே டிக்கெட்டும் வரும். மாதாமாதம் அவருடைய கூலியிலிருந்தே அடையட்டும், கணக்கு நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும். மகளின் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கிடைக்குமா என்று வங்கியில் இப்போதே விசாரியுங்கள். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

தம்பி, நடுவில் ஒருநாள் வழுக்கி ஒரு டிக்கெட் எடுத்துவிட்டால், அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். பதினோரு நாள் போச்சே என்று மொத்தமாகக் கைவிட்டுவிடாதீர்கள். மனைவியிடம் பேசி முடித்ததும் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். எதிர்பார்த்திருப்பேன்.