படம் கீறுகிற பிள்ளை: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகள் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதியிருக்கிறாள். மருத்துவத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி காணாது. இரண்டாம் தரம் எழுதச் சொன்னால், "படம் கீறித்தான் உழைக்கப்போகிறேன்" என்று கதவைச் சாத்துகிறாள். படம் கீறிச் சோறு தின்னலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தின்னலாம். ஆனால் அதற்கு வடிவாகக் கீறத் தெரிந்தால் மட்டும் போதாது. உங்கள் மகளிடம் இன்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்யவேண்டும். அதற்கு முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் கோப்பாயில் இருக்கிறார். நூல் அட்டைகள், சிறுவர் கதைப் படங்கள், கோயில் சிறப்பு மலர்கள் என்று ஓடர் எடுத்துச் செய்பவர். ரொரன்ரோவில் இருக்கும் ஒரு குடும்பம், 1990இல் மயிலிட்டியில் விட்டுப்போன தங்கள் வீட்டைக் கீறித் தரும்படி அவரிடம் கேட்டது. வீடு இப்போது இல்லை. கையில் இருந்தது ஒரு கலியாணப் படம் மட்டும். அதில் மணமக்களுக்குப் பின்னால் பாதி விறாந்தை தெரிகிறது.

அவர் உடனே பென்சிலை எடுக்கவில்லை. இரண்டு மூன்று நாட்கள் போனில் கேள்வி கேட்டார். கிணறு முற்றத்திலா, வளவின் மூலையிலா? துலாவா, கப்பியா? படலை எந்தப் பக்கம்? பின்னேரம் அம்மம்மா எங்கே இருந்து வெற்றிலை போடுவா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த பதிலில்தான் படம் கிடைத்தது என்றார். அவ இருந்த திண்ணையில் பின்னேர வெயில் விழுமாம். அப்படியென்றால் வீடு மேற்குப் பார்த்தது. நிழல் எல்லாம் அதற்கு ஏற்றபடி விழவேண்டும்.

அதன்பிறகு நெருப்புப்பெட்டி அளவில் ஆறு சின்னப் படங்கள் கீறினார். தம்நெயில் என்பார்கள். அதில் முகமும் இல்லை, ஓடும் இல்லை. எது பெரிது, எது சின்னது, கண் முதலில் எங்கே போகும் என்பது மட்டும்தான். மூன்றை அனுப்பினார். லண்டனில் இருக்கும் தம்பி கிணறு வலப்பக்கம் என்றார், ரொரன்ரோ அக்கா இடப்பக்கம் என்றார். அவர்கள் கதைத்து ஒரு முடிவுக்கு வரும்வரை பொறுத்திருந்து, திரும்பக் கீறினார். அது சரியென்று அவர்கள் சொன்ன பிறகுதான் நீர்வண்ணம் பூசினார்.

அந்தப் படத்தில் என்னை நிறுத்தியது வேலிதான். மழை குடித்துக் கறுத்த கிடுகு, ஒரு இடத்தில் நெகிழ்ந்து தொங்குகிறது. அது குடும்பம் சொன்ன விவரம் இல்லை. முந்திய மார்கழியில் ஒரு காலை, யாரும் கேட்காமல், தன் கொப்பியில் அவர் கீறி வைத்திருந்த வேலி அது. தனக்காகக் கீறினது பிறருக்கான வேலைக்குள் இப்படித்தான் வந்து சேரும். ஓடர் மட்டும் செய்துகொண்டிருப்பவரின் கை இரண்டு மூன்று வருடத்தில் வறண்டுபோவதை நான் கண்டிருக்கிறேன். தனக்கு மட்டுமே கீறுகிறவருக்கோ சொன்ன திகதியில் வேலையை முடிக்கிற பழக்கம் வருவதில்லை.

ஆகவே அம்மா, மகளின் கொப்பியை அவளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வடிவான படங்களைத் தேடவேண்டாம். ஒரே கையை, ஒரே ஆட்டுக்குட்டியைப் பத்துத் தரம் கீறியிருக்கிறாளா? பிழைத்த பக்கத்துக்கு அடுத்த பக்கம் திரும்ப முயன்றிருக்கிறாளா? நடிகர்களின் முகத்தைப் போனில் பார்த்துக் கீறினது மட்டும்தான் இருக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். கை பழகியிருக்கிறது, கண் இன்னும் பழகவில்லை.

அப்புறம் ஒரு உண்மையான வேலை கொடுத்துப் பாருங்கள். உறவுக்குள் யாருக்காவது அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவு மலர் அடிப்பார்கள், பாடசாலை மலர் வரும். அட்டைப் படத்தை அவளிடம் கேட்கச் சொல்லுங்கள். திகதி குறித்து, சின்னத் தொகையாவது பேசி. அட்டை ஏ5 என்றால் 148க்கு 210 மில்லிமீற்றர். சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெட்டுக்கு விடவேண்டும். படம் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். இதையெல்லாம் அச்சகத்தில் போய் நின்று கேட்டுப் படிக்கட்டும். "இது சரியில்லை, மாற்றுங்கோ" என்று ஒருவர் சொல்லும்போது அவள் அழுதாலும் பரவாயில்லை. அழுதுவிட்டுத் திரும்பக் கீறுகிறாளா என்பதைக் கவனியுங்கள். நான் பெரிதாக மதிக்கும் அடையாளம் அதுதான்.

படிப்புக்கு வழி இருக்கிறது. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய இடம் இப்போது யாழ். பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். சித்திரமும் வடிவமைப்பும் அங்கே பட்டப்படிப்பாக உண்டு. மொறட்டுவையில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. உயிரியல் படித்த பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த வருடக் கைநூலில் பார்க்கவேண்டும், சேர்ந்து பார்ப்போம். உயிரியல் படித்தது வீண்போகாது. தாவரத்தையும் எலும்பையும் பிழையில்லாமல் கீறக்கூடியவர்கள் பாடநூலுக்கும் மருத்துவ விளக்கப் படங்களுக்கும் தேவைப்படுகிறார்கள்.

விலைகூடிய ஐபாட் இப்போது வேண்டாம். கணினி இருந்தால், அதோடு இணைத்துப் பேனாவால் கீறுகிற சாதாரண பென் ரப்லற் ஒன்று போதும். படம் கீறுகிற கிரிட்டா என்ற மென்பொருள் இலவசம்.

காசு விஷயத்தில் மட்டும் நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் ஊரில் படம் கீறுகிறவரிடம் "சும்மா ஒண்டு கீறித் தாங்கோவன்" என்று கேட்பது வழக்கம். இளம் பிள்ளைகளுக்கு இல்லையென்று சொல்ல வாய் வராது. பாதித் தொகை முற்பணம், இரண்டு தரம் திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம், படத்தை எதெதற்குப் பாவிக்கலாம், உரிமை யாருக்கு: இவ்வளவையும் வேலை தொடங்க முதல் எழுத்தில் வைக்கவேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஓவியத்துக்கும் பாதுகாப்பு உண்டு. கீறியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் பெறுமதியுள்ள ஒரு பொருளை வாய்ப்பேச்சில் கைமாற்றக் கூடாது.

இரண்டாம் தரம் எழுதச் சொல்லி வற்புறுத்தவேண்டாம் என்பது என் எண்ணம். மனமில்லாமல் எழுதும் பரீட்சை இன்னொரு வருடத்தைத் தின்னும். அதற்குப் பதிலாக ஆறு மாதம் கொடுங்கள். அதற்குள் இரண்டு வேலைகளைத் திகதிக்குள் முடிக்கட்டும், ஒரு கொப்பியைத் தனக்காகக் கீறி நிரப்பட்டும். நடக்கவில்லையென்றால் அவளே வேறு வழி கேட்பாள், அப்போது கதைப்போம்.

அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் வாருங்கள். கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சரிவரவில்லை என்று மடித்து ஒளித்து வைத்திருக்கும் தாள்களையும்.