ஏழு வாசல்களில் நின்றவன் உங்கள் மகன்

கேள்வி: அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், சியூ ஃபால்ஸ் நகரில் 9 ஆண்டுகளாக வசிக்கிறேன். சொந்த ஊர் தாராபுரம் பக்கம். அப்பா இன்னும் அங்கே விவசாயம் பார்க்கிறார். பள்ளி நண்பர்களைப் பார்த்து என் 14 வயது மகனுக்கு ஃபெசன்ட் (காட்டுக்கோழி போன்ற பறவை) வேட்டையில் ஆசை வந்தது. இருவரும் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, உரிமமும் வாங்கினோம். சென்ற அக்டோபரில் வேட்டைப் பருவம் தொடங்கிய சனிக்கிழமை காலை, நகருக்கு வெளியே ஏழு பண்ணை வீடுகளில் அவர்கள் நிலத்துக்குள் வேட்டையாட அனுமதி கேட்டோம். ஏழு வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். மகன் அவர்களைப் போலவே ஆங்கிலம் பேசுவான் என்பதால் அவனைத்தான் இறங்கிப் போய்க் கேட்கச் சொன்னேன்; நான் வண்டியில் இருந்தேன். ஏழாவது வீட்டிலிருந்து திரும்பியவன், "போதும்ப்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். அதன் பிறகு வேட்டைப் பேச்சையே எடுப்பதில்லை. எங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் மறுக்கிறார்களா? எந்த வார்த்தைகளில் கேட்டால் அனுமதி கிடைக்கும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, வெளிநாட்டில் குடியேறியவர்கள், அங்குள்ளவர்களிடம் ஒன்றைக் கேட்டு மறுக்கப்பட்டதைப் பற்றி எனக்கு எழுதும் கடிதங்கள் மாதம் தவறாமல் வருகின்றன. வாடகை வீடு, பிள்ளைக்கு விளையாட்டுக் குழுவில் இடம், பக்கத்து வீட்டு விருந்துக்கு அழைப்பு என்று கேட்ட பொருள் மாறுமே தவிர, கடைசியில் எல்லோரும் கேட்பது நீங்கள் கேட்டிருப்பதைத்தான். மனம் தளர வேண்டாம், அடுத்த முறை கிடைத்துவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த ஏழு வீட்டாரும் அப்படிப்பட்டவர்களா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களில் ஒருவருடைய முகத்தையாவது நீங்கள் அருகில் பார்த்தீர்களா, ஒருவருடைய குரலையாவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இருக்கவும் முடியாது, நீங்கள்தான் வண்டியில் இருந்தீர்களே.

"நான் வண்டியில் இருந்தேன்" என்பதை, போகிற போக்கில் மூன்று சொற்களுக்குள் அடக்கிவிட்டீர்கள். எனக்கு மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. மளிகைக் கடைப் பாக்கி நின்றுபோன மாதங்களில், கணக்கு நோட்டை என் கையில் கொடுத்து, "அப்பா அடுத்த வாரம் தருவாராம்னு சொல்லு" என்று என் தந்தை அனுப்புவார். கடைக்காரர் நோட்டை வாங்கி, விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கடைசிக் கூட்டலுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, என்னை ஏறிட்டும் பார்க்காமல் அடுத்தவருக்குத் துவரம்பருப்பு நிறுக்கத் தொடங்குவார். நான் பையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பேன். தெருமுனையில் என் தந்தை சைக்கிளைப் பிடித்தபடி நிற்பது அங்கிருந்து எனக்குத் தெரியும். குழந்தையின் முகத்துக்காக யாரும் கடிந்து பேசமாட்டார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலித்தது. எங்களுக்காகவே உழைத்து ஓய்ந்தவர் அவர், நல்ல மனிதர். ஆனாலும் இத்தனை ஆண்டுகள் கழித்து அவரை நினைக்கும்போது, எனக்கு முதலில் வருவது அந்தத் தெருமுனைதான். உங்கள் மகனுக்கு எது முதலில் வரப்போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று காரணம் சொல்கிறீர்கள். 9 ஆண்டுகளாக அந்த ஊரில் வேலை செய்து, வரி கட்டி, வீடு நடத்துகிற உங்களுக்கு, "உங்கள் நிலத்தில் வேட்டையாட அனுமதிப்பீர்களா?" என்று கேட்கும் அளவுக்கு ஆங்கிலம் இல்லை என்பதை நான் நம்பமாட்டேன். அந்தக் கதவருகே நிற்கும்போது உங்கள் உச்சரிப்பையும் முகத்தையும் மகனுக்கு முன்னால் ஒருவர் எடைபோடுவதை நீங்கள் விரும்பவில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் தாங்க முடியாது என்று ஒதுங்கியதை 14 வயதுப் பிள்ளையின் தோளில் ஏழு முறை ஏற்றியிருக்கிறீர்கள். நம் குடும்பங்களில் பெண் கேட்டுப் போவதானாலும், பங்காளியிடம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை கேட்டுப் போவதானாலும், பெரியவர் முன்னால் நடப்பார், பிள்ளை பின்னால் வரும். மறுப்பு வந்தால் அது முதலில் பெரியவர் மேல் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரிசை வைத்தார்கள். தகப்பன் என்ற இடத்துக்கு உரிய கடமைகளில் இதைப் பெரியது என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது அந்த வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். என் தம்பி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறான். இரண்டு அக்டோபர் மாதங்கள் அவன் வீட்டில் தங்கியிருக்கிறேன். சியூ ஃபால்ஸிலிருந்து மேற்கே மிச்சல் போகும் வழியில் அவனுக்குப் பழக்கமான ஒரு முதிய தம்பதியின் பண்ணை வீட்டில், ஒரு காலை நேரம் முழுவதும் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் மேலே ஜன்னல். சரளைச் சாலையில் வரும் வண்டியின் புழுதி ஒரு மைல் தள்ளியே தெரிந்துவிடுகிறது. புழுதி எழுந்ததும் அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்றார். வண்டி தங்கள் பாதையில் திரும்புகிறதா, உள்ளே எத்தனை பேர், எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகே கணவரைக் கூப்பிட்டார். உங்கள் வண்டி வந்தபோதும் ஏதோ ஒரு ஜன்னலில் ஒருவர் அப்படி நின்றிருப்பார். பெரியவர் ஒருவர் இறங்காமல் அமர்ந்திருக்க, ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒரு சிறுவன் மட்டும் தனியாக நடந்து வருவதை அவர் பார்த்திருப்பார். துப்பாக்கியோடு தன் நிலத்துக்குள் நுழையப்போகிறவர்களுக்கு யார் பொறுப்பு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அந்தப் பொறுப்பாளி வண்டியைவிட்டே இறங்கவில்லை.

தாராபுரத்தில் உங்கள் அப்பாவின் களத்துமேட்டில் இப்படி ஒரு கார் வந்து நின்று, உள்ளே இருப்பவர் இறங்காமல் ஒரு பையனை அனுப்பி, "உங்க காட்டுக்குள்ள நாங்க போகலாமா?" என்று கேட்டால், உங்கள் அப்பா என்ன சொல்வார் என்பது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா? "உங்கப்பன் எங்க கண்ணு?" என்பார். விவசாயி எந்த நாட்டிலும் விவசாயிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் போனது பருவம் தொடங்கும் சனிக்கிழமை, அக்டோபர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. தெற்கு டகோட்டாவில் அந்த நாளை ஏறக்குறையத் தீபாவளி என்றே சொல்லலாம். 1919-இல் ஸ்பிங்க் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) ஒரே ஒரு நாள் மட்டும் நடந்த முதல் ஃபெசன்ட் பருவத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் அது. ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட அந்தப் பறவை 1943-இல் மாநிலப் பறவையாகவே ஆகிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அந்த வார இறுதிக்கு வீடு வந்து சேர்கிறார்கள். தன் நிலத்தைத் தன் குடும்பத்துக்காக வைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதே நாள் காலையில் போய்க் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் மறுப்புதான் கிடைக்கும். போதாததற்கு அது மக்காச்சோள அறுவடைக் காலம். மழைக்கு முன் கதிர் வீடு வந்து சேர வேண்டுமே என்று இயந்திரத்தோடு ஓடிக்கொண்டிருப்பவரை நிறுத்திப் பேசுவதே பிழை.

சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அதன் உள்ளர்த்தத்தைச் சொல்கிறேன். வடக்கு டகோட்டாவில், தடை அறிவிப்பு இல்லாத தனியார் நிலத்தில் கேட்காமலே வேட்டைக்குப் போகலாம். தெற்கு டகோட்டாவில் அறிவிப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நில உரிமையாளரோ குத்தகைதாரரோ அனுமதித்தால்தான் போக முடியும். பறவை மக்களின் பொதுச்சொத்து, அதற்கு அரசு உரிமம் தருகிறது; மண் அவருடையது, அதற்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். ஆகவே அவர் சொல்லும் "இல்லை" என்பது அவருடைய முழு உரிமை; அதற்கு அவர் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. (நம் ஊரில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் அப்பாவே மனம்வைத்தாலும் தம் காட்டில் ஒரு கவுதாரியைப் பிடிக்க யாருக்கும் அனுமதி தர முடியாது. எனக்கு அதுவே பிடித்த சட்டம். ஆனால் பறவையைச் சுடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. அங்கே அது சட்டப்படியான காரியம், சுட்டதைச் சமைத்துச் சாப்பிடும் வரை உங்களோடு நான் வாதாடப் போவதில்லை.)

எந்த வார்த்தைகளில் கேட்பது என்கிறீர்கள். வார்த்தைகளுக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அங்கே நிலம் ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று 640 ஏக்கர் கட்டங்களாக அளக்கப்பட்டிருக்கிறது. வயலுக்கு மிக அருகில் இருக்கும் வீடு அந்த வயலின் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு கட்டமும் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் கவுண்டி வரைபடம் விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கி, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதத்தில், துப்பாக்கி இல்லாமல், வேட்டை உடுப்பு இல்லாமல், சாப்பாட்டு வேளை இல்லாத நேரத்தில் போங்கள். வண்டியை நிறுத்தியதும் நீங்கள் முதலில் இறங்குங்கள். மகன் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். உங்கள் பெயர், எங்கே வேலை செய்கிறீர்கள், எத்தனை பேர் வருவீர்கள், எந்த நாள், எந்த வண்டி என்பதை அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். முதல் வார இறுதியைக் கேட்காதீர்கள். குடும்பத்தார் வந்து போன பிறகு, நவம்பரில் ஒரு நாள் போதும் என்று கேளுங்கள். மாடுகள் எங்கே நிற்கின்றன, எந்த வயலில் இன்னும் அறுவடை முடியவில்லை, வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லில் நிறுத்திய வண்டியின் சூட்டில் தீப்பிடிப்பதும், திறந்து போட்ட வேலிக் கதவு வழியாக மாடு சாலைக்குப் போவதும் அவர்களுடைய நிஜமான பயங்கள். அவற்றை நீங்களே பேச்சில் எடுத்தால், நிலத்தில் வளர்ந்த ஆள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் அப்பாவும் விவசாயி என்று சொல்லுங்கள். அது உங்கள் உச்சரிப்பைவிட அவர் காதில் முதலில் விழும்.

அனுமதி கிடைத்தால் அது உங்கள் இருவருக்கு மட்டும், அந்த நாளுக்கு மட்டும். அலுவலக நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். ஒரு நாளில் ஒருவருக்கு மூன்று சேவல்கள்தான், பெட்டையைத் தொடக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக்களை ஒன்று விடாமல் பொறுக்கி எடுங்கள், வேலிக் கதவை எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், கிளம்பும்போது வீட்டு வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள். சுத்தம் செய்த ஒரு பறவையைக் கொடுங்கள். வேண்டாம் என்றால் பொங்கலுக்கு உங்கள் மனைவி செய்யும் பலகாரத்தில் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுங்கள். ஜனவரி மாதத்தில் எதையும் கேட்காமல் வந்து நிற்கும் ஆளை அவர்கள் மறக்கமாட்டார்கள். நிலம் கிடைக்காத நாட்களுக்கு, நில உரிமையாளர்களோடு மாநில அரசு ஒப்பந்தம் செய்து வேட்டைக்காரர்கள் நடந்து போகத் திறந்துவிட்டிருக்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன; அங்கே கூட்டிப்போகலாம். ஆனால் அதைக் காட்டி, கதவைத் தட்டும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ளாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மகனோடு உட்கார வேண்டும். அன்று நான் இறங்கியிருக்க வேண்டும், உன்னை அனுப்பியது என் தவறு என்று அவனிடம் சொல்லுங்கள். பிள்ளையிடம் தகப்பன் இதைச் சொல்வதா என்று யோசிக்காதீர்கள்; என் தந்தை ஒருமுறை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ பாரம் இறங்கியிருக்கும். சொல்லிவிட்டு, அந்த ஏழு வீட்டிலும் யார் கதவைத் திறந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நிறத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் அவனிடம்தான் இருக்கிறது. யாராவது அவனைப் புண்படும்படி பேசியிருந்தால், அதை இத்தனை மாதங்களாக உங்களிடம் சொல்லாமல் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள். அப்போது அந்த வீட்டுப் பக்கம் இனிப் போக வேண்டியதில்லை, அவன் தோளில் கைபோட்டு அருகில் இருங்கள். எந்த வீட்டிலாவது, "இந்த வாரம் எங்கள் பிள்ளைகள் வருகிறார்கள், பிறகு வா" என்று ஒருவர் சொல்லியிருக்கவும் கூடும். ஏழு மறுப்புகளின் களைப்பில் அவன் அதையும் மறுப்பாகவே எடுத்துக்கொண்டிருப்பான். அப்படி ஒரு வீடு இருந்தால், ஆகஸ்ட் மாதத்தில் நீங்கள் முதலில் போக வேண்டிய வாசல் அதுதான்.