டிகம்ப்ரஷன்: வியாதியா, வைத்தியமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் சுற்றுலா வருபவர்களை ஸ்கூபா டைவிங் கூட்டிப்போகும் இடம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்களுக்கு டிகம்ப்ரஷன் என்றால் வியாதி. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் வரும், கால்கூட விழுந்துபோகும் என்று அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அம்மா குறிஞ்சிப்பாடி பக்கம் இருக்கிறார். கொஞ்ச தூரம் நடந்தாலே அவருக்குக் கால் மரத்துப்போகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர் முதுகில் டிகம்ப்ரஷன் ஆபரேஷன் செய்யலாம் என்றார். "நீ சொன்ன அந்த வியாதியைத்தான் எனக்குப் பண்ணப் போறாங்களா?" என்று கேட்டு அம்மா ஆஸ்பத்திரிக்கே வர மறுக்கிறார். விமானம், கம்ப்யூட்டர் என்று எங்கே போனாலும் இதே பெயர். எல்லாம் ஒன்றுதானா?

கதிரவன்,
புதுச்சேரி

அன்புள்ள கதிரவன்,

அம்மா நியாயமாகத்தான் கேட்கிறார். டிகம்ப்ரஷன் என்றால் அழுத்தம் குறைவது, அது எல்லா இடத்துக்கும் பொது. அதுவரை அந்த அழுத்தம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால் விஷயம் பிரிந்துவிடும்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல 2 மடங்கு, 20 மீட்டரில் 3 மடங்கு. சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. வெளியேற அதற்கு அவகாசம் வேண்டும். கொடுக்காவிட்டால் இருக்கும் இடத்திலேயே குமிழியாகும். மூட்டில் ஆனால் வலி, தண்டுவடத்தில் ஆனால் நீங்கள் சொன்னதுபோல் கால். 5 மீட்டரில் 3 நிமிடம் எல்லோரையும் நிறுத்திவைக்கிறீர்களே, அது இதற்காகத்தான்.

இந்த வியாதி பெரிய அளவில் தலைகாட்டியது பாலம் கட்டியவர்களிடம். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள், அழுத்தக்காற்று நிரப்பிய பெரிய பெட்டிகளுக்குள் ஆற்றடியில் இறங்கி வேலை பார்த்தார்கள். மேலே வந்ததும் வலியில் சுருண்டார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-ல் படுத்துவிட்டார். காரணம் நைட்ரஜன் குமிழிதான் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878-ல் எழுதினார். அப்புறம் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன் வந்தார். ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து, அழுத்தத்தை விதவிதமாகக் குறைத்துப் பார்த்தார். வலி கண்ட ஆடு ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதுதான் அவருக்கு அடையாளம். நின்று நின்று மேலேறும் அட்டவணை 1908-ல் அப்படித்தான் கிடைத்தது. மீறி வியாதி வந்துவிட்டால் சிகிச்சை என்ன? ஆளை அழுத்த அறையில் வைத்து மறுபடி அழுத்தம் ஏற்றி, ஆக்சிஜன் கொடுத்து, மெதுவாக இறக்குவது!

காலையில் டைவ் போட்டுவிட்டு ராத்திரியே சென்னையில் விமானம் ஏறத் துடிப்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி மலைமேல் இருக்கும் அளவுக்கு இறங்கலாம், ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு அதுவே போதும். பல டைவ் போட்டவர்களை 18 மணி நேரமாவது பறக்காதே என்பது அதனால்தான். விமானிகள் பயப்படும் டிகம்ப்ரஷன் இன்னொன்று. 35,000 அடியில் உள்ளே இருக்கும் காற்று கசிந்து வெளியேறிவிட்டால், ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிஜன் இல்லாமல் புத்தி தடுமாறும். உடனே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு 10,000 அடிக்கு இறக்கப் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டரில் ஜிப் ஃபைலைப் பிரிப்பதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை. பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள், விடுங்கள்.

இனி அம்மாவின் முதுகு. நான் டாக்டர் இல்லை, நீங்கள் எழுதியதை வைத்துப் பொதுவாகச் சொல்கிறேன். வயதாக ஆக, முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் பாதை சிலருக்குக் குறுகும். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கும், உள்ளே இருக்கும் தசைநார் தடிக்கும், எலும்பும் ஓரத்தில் வளரும். நிமிர்ந்து நடக்கும்போது நெருக்கம் கூடும், உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அங்கே நரம்புக்குள் எதுவும் கரைந்து தங்கவில்லை. மேலே ஒன்று உட்கார்ந்து நசுக்குகிறது, அவ்வளவுதான். பின்பக்க எலும்பில் ஒரு பகுதியையும் தடித்த தசைநாரையும் எடுத்து இடம் பண்ணிக்கொடுக்கிறார்கள். நைட்ரஜனைப்போல நின்று நின்று இறக்க வேண்டிய வேலை இதில் இல்லை.

அம்மாவிடம் ஆடு, பாலமெல்லாம் பேச வேண்டாம். கொல்லையில் ஓடிய பழைய டீசல் இன்ஜினை ஞாபகப்படுத்துங்கள். ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது இடது கை இன்ஜினின் தலைப்பக்கம் இருக்கும் ஒரு சின்ன லீவரைப் பிடித்திருக்கும். அது வால்வை லேசாகத் திறந்து வைப்பதால் உள்ளே காற்று இறுகாது, வீல் லகுவாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் டப் டப் என்று பிடித்துக்கொள்ளும். அதுவும் டிகம்ப்ரஷன் லீவர்தான். யாருக்கும் வியாதி வந்ததில்லை.

அவர் இருக்கும் ஊருக்குப் பக்கத்து நெய்வேலியிலும் இந்த வேலை நடக்கிறது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே மணலடுக்கில் தண்ணீர் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. மேல்மண்ணை வாரிவிட்டால் அமுக்கிவைத்திருந்த பாரம் போய், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கும். அதனால் போர் போட்டு ராப்பகலாக இறைத்து, அழுத்தத்தை முன்கூட்டியே குறைத்துக்கொண்டுதான் வெட்டுகிறார்கள். அந்தப் பக்கத்தில் தானாகப் பொங்கிய போர்கள் நின்றுபோனதைப் பற்றி அம்மாவே நிறையச் சொல்வார். அதில் இறங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

ஆபரேஷன் வேண்டுமா, மருந்தும் பயிற்சியும் வைத்துக் கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்கும். ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், உட்காரும் இடம் மரத்தால், கால் திடீரென்று பலமிழந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.