காட்டுக் குரங்குகள் எந்த மாசத்தில் என்ன தின்னும்?

ஆனைமலை, வால்பாறைப் பக்கத்துக் குரங்குகளின் தீனியைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொள்ளாச்சித் தம்பி: அண்ணா, சிங்கவால் குரங்குக்கு வருசம் பூராவும் பழம் கிடைக்குங்களா?

கிடைக்காது தம்பி. அதனால்தான் அதற்கு வெடிப்பலா அவ்வளவு முக்கியம். பேரில்தான் பலா, நிசத்தில் அது துரியன் வகையறா. பிப்ரவரி, மார்ச்சில் காட்டில் பழம் குறைந்திருக்கும்போது கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும், இதழே இல்லாத சதைப்பற்றான பூ, அதைப் பிய்த்துத் தின்றே குரங்குகள் அந்த மாசங்களைத் தள்ளும். அப்புறம் தென்மேற்கு மழையில் காய் திரளும். அது வெடிக்கும்வரை காத்திருக்காமல், முள்ளோடு கடித்துத் திறந்து கொட்டையை எடுத்துவிடும். இடைப்பட்ட காலத்துக்கு அத்தி இருக்கிறது. எல்லா அத்தி மரமும் ஒரே நேரத்தில் பழுக்காது என்பது பெரிய உதவி.

உடுமலை அக்கா: பூச்சி, புழு தின்னுமா?

நிறையத் தின்னும் அக்கா. பட்டையை உரிக்கும், சருகைக் கிளறும், தவளை, பல்லி, பறவை முட்டை எதையும் விடாது. கம்பளிப்புழு கிடைத்தால் அப்படியே வாயில் போடாது, ஓர் இலையைப் பறித்து அதற்குள் வைத்துத் தேய்த்து, சுனையெல்லாம் போன பிறகுதான் தின்னும்.

கோபியிலிருந்து: கருமந்தியும் இதையேதான் தின்னுங்களா?

இல்லைங்க, அது முக்கியமாக இலைதின்னி. பல அறை கொண்ட வயிறு, அதில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கும். கொழுந்து இருந்தால் கொழுந்து, இல்லாத காலத்தில் முற்றிய இலை, மொட்டு, விதை.

கோவையிலிருந்து: கோடையில் காட்டில் ஒன்றுமில்லாமல்தானே ஆழியாறு ரோட்டில் வந்து உட்காருகின்றன? பிஸ்கட் போட்டால் புண்ணியம்தானே?

புண்ணியமில்லைங்க, கெடுதல். அங்கே உட்காருவது பெரும்பாலும் நாட்டுக்குரங்கு. கன்னத்துப் பையில் அடக்கிக்கொள்ளும், எதையும் தின்று பிழைக்கும். மழைக்காலத்திலும் அதே வளைவில்தான் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். கோடையில்லை, நாம் நீட்டும் கைதான் காரணம். வண்டியில் அடிபட்டுச் சாவதும் அதே ரோட்டில்தான். தயவுசெய்து கண்ணாடியை இறக்காதீர்கள்.

வால்பாறையிலிருந்து: புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்கே வீட்டுக்குள் வருகிறதே அண்ணா?

தேயிலைக்கு நடுவில் ஒரு துண்டுக் காடுதானுங்களே அதற்கு மிச்சம். காட்டு மரம் குறைந்ததால் காப்பிப் பழம், கொய்யா, நிழலுக்கு நட்ட வெளிநாட்டு மரங்களின் பழம் என்று பழகிவிட்டது, அடுத்து அடுப்படிதானே. குப்பையை மூடி வையுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தோட்ட ஓரத்தில் இடமிருந்தால் வெடிப்பலாவும் அத்தியும் வையுங்கள். காய்க்கப் பல வருசம் ஆகும், அதனால் இந்த மழைக்கே நட்டுவிடுங்கள்.