தனியாகவா, குடும்பத்தோடா? ஏடிவியா, சைடு-பை-சைடா?

கேள்வி: எனக்கு வயது 43. பல வருடம் பைக் ஓட்டிய பழக்கம் உண்டு. இப்போது காட்டுத் தடங்களில் வண்டி ஓட்ட ஆசை. பாதி நாட்கள் தனியாகப் போவேன், மீதி நாட்கள் மனைவியும் 13 வயது மகளும் உடன் வருவார்கள். ஒரு வண்டிதான் வாங்க முடியும். நண்பர் ஏடிவி (பைக் போலக் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பார் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி) போதும் என்கிறார். “சீட் நீளமாகத்தானே இருக்கிறது, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம்” என்பது அவர் வாதம். சைடு-பை-சைடு (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும், கூண்டு போட்ட காட்டுத் தட வண்டி) விலை அதிகம், பெரியது என்று எனக்கும் தயக்கம். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் உங்கள் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். ஏடிவியின் சீட் நீளமாக இருப்பது இன்னொருவர் உட்காருவதற்காக இல்லை, ஓட்டுபவர் நகர்வதற்காக. ஏற்றத்தில் உடம்பை முன்னால் கொண்டுபோக வேண்டும், இறக்கத்தில் பின்னால் தள்ள வேண்டும், பக்கவாட்டில் சரிந்த தடத்தில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். வண்டியின் எடை சுமார் 300 கிலோ. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் 75 கிலோ ஆள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது, வண்டி நிற்குமா கவிழுமா என்பதையே மாற்றிவிடும். பின்னால் ஒருவர் ஏறிவிட்டால் நீங்கள் நகர இடமே இருக்காது. அவருடைய எடையும் பின்சக்கரங்களின் மேலே, சில சமயம் அதற்கும் பின்னால் விழும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரங்கள் தூக்கி, வண்டி அப்படியே பின்னால் புரண்டு உங்கள் இருவர் மேலும் விழலாம். ஒருவருக்கான ஏடிவியில் இன்னொருவரை ஏற்றாதீர்கள் என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதனால்தான். தயவுசெய்து இந்த விஷயத்தில் நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இருவருக்கென்றே வடிவமைத்த ஏடிவிகளும் இருக்கின்றன. அவற்றில் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் அதிகம். பின்னால் உட்காருபவருக்குத் தனி இருக்கை, முதுகுச் சாய்மானம், கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் இருக்கும். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் அதை யோசிக்கச் சொல்லியிருப்பேன். மூன்று பேருக்கு அது உதவாது.

பைக் ஓட்டிய பழக்கத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். அது ஏடிவியில் பாதிதான் கைகொடுக்கும். கண் பார்வையைத் தூரத்தில் வைப்பது, பிரேக்கை அளந்து பிடிப்பது, வழுக்கும் மண்ணில் பதற்றப்படாமல் இருப்பது, இதெல்லாம் உதவும். ஆனால் பைக் வளைவில் தானாகச் சாயும், ஏடிவி சாயாது. வளைவில் அது வெளிப்பக்கம் புரளப் பார்க்கும். உடம்பை உள்பக்கம் கொண்டுபோய் அதைத் தடுப்பது உங்கள் வேலை. த்ராட்டிலும் கையால் முறுக்குவது இல்லை, பெரும்பாலான வண்டிகளில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நாள் முழுக்க ஓட்டினால் அந்த விரல் மரத்துப்போகும். இன்னொன்று: பைக் தடுமாறும்போது காலைக் கீழே ஊன்றுகிற பழக்கம் ஊறியிருக்கும். ஏடிவியில் அப்படிக் காலை இறக்கினால் பின்சக்கரம் அதன் மேலே ஏறிவிடும். பழகிய கால் தானாக இறங்கும் என்பதால், பைக் ஓட்டியவர்கள்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், தனியாக ஓட்ட ஏடிவி தரும் சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்காது. உடம்பு முழுக்க ஓட்டுகிறது. தடத்தின் ஒவ்வொரு கல்லும் வேரும் கைக்கும் காலுக்கும் தெரியும். மரங்களுக்கு நடுவே நெளிந்து போகலாம், வழி தவறினால் கொஞ்ச இடத்திலேயே திருப்பிக்கொள்ளலாம். சேற்றில் மாட்டினாலும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிட முடியும். 43 வயதில் முதுகும் முழங்காலும் நன்றாக இருந்தால் தயங்க ஒன்றுமில்லை.

சைடு-பை-சைடில் ஓட்டுபவர் காரில் போல உட்கார்ந்திருப்பார். ஸ்டீயரிங், கால் பெடல்கள், சீட் பெல்ட், சுற்றிலும் இரும்புக் கூண்டு. உடம்பைச் சாய்த்து வண்டியைக் காப்பாற்றும் வழி இங்கே கிடையாது. கோணமும் வேகமும் தவறினால் அது கவிழும். கவிழ்ந்தால் உங்களைக் காப்பாற்ற வேண்டியது கூண்டும் பெல்ட்டும். பெல்ட் போடாமல் ஓட்டினால் கூண்டு இருந்தும் பயனில்லை, வெளியே தூக்கி எறியப்பட்டு அதே கூண்டுக்கு அடியில் சிக்குவீர்கள்.

பெல்ட் போட்டவர்களுக்கும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. வண்டி பக்கவாட்டில் சாயும்போது கையை நீட்டித் தரையைத் தாங்கப் பார்ப்பது மனித இயல்பு. 700 கிலோ வண்டியை எந்தக் கையும் தாங்காது. கை நசுங்கும், சில சமயம் விரல்களே போய்விடும். ஆகவே கதவோ பக்க வலையோ இல்லாமல் வாங்காதீர்கள், இருப்பதைக் கழற்றியும் வைக்காதீர்கள். வண்டி சாய்ந்தால் ஓட்டுபவர் கை ஸ்டீயரிங்கிலும், மற்றவர்கள் கை கைப்பிடியிலும் இறுகியிருக்க வேண்டும், கால்கள் உள்ளேயே இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே வண்டியை நிறுத்திவைத்து, “சாய்கிறது!” என்று குரல் கொடுத்து மனைவிக்கும் மகளுக்கும் இதைப் பழக்குங்கள். கூண்டு இருக்கிறது என்று ஹெல்மெட்டையும் விட்டுவிடக் கூடாது.

மகளுக்கு 13 வயது என்பது நல்லது. பல தயாரிப்பாளர்கள் பயணிக்கு குறைந்தது 12 வயது இருக்க வேண்டும் என்கிறார்கள். வயதைவிட உயரம்தான் எனக்கு முக்கியம். முதுகு சீட்டில் நன்றாகப் படிந்திருக்கும்போது இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும், கை கைப்பிடியை எட்ட வேண்டும். கடையில் விலை பேசுவதற்கு முன்னால் அவளை உட்கார வைத்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் இந்த வருடம் வேண்டாம். தலையணை வைத்தோ மடியில் உட்கார வைத்தோ சமாளிக்கிற விஷயம் இல்லை இது.

சரி, அடுத்தது அகலம். வாங்கிய பிறகு அதிகம் பேர் வருத்தப்படுவது இதில்தான். பெரியவர்களுக்கான ஏடிவிகள் பெரும்பாலும் 46 முதல் 50 அங்குல அகலத்துக்குள் முடிந்துவிடும். அமெரிக்க வனத்துறையின் பல தடங்களில் 50 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. போலாரிஸ் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த முதல் ஆர்இசட்ஆர் என்ற சைடு-பை-சைடு 50 அங்குலத்தில் இருந்ததால்தான் அத்தகைய தடங்களில் போக முடிந்தது. ஆனால் அந்த அளவில் கிடைப்பவை இரண்டு இருக்கை வண்டிகள். உங்களுக்கு வேண்டிய நான்கு இருக்கை 60 அங்குலத்துக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. 64, 72 அங்குலம் சாதாரணம். நீளமும் மூன்றரை மீட்டரைத் தாண்டும். எதிரே மரம் விழுந்து கிடந்தால், பின்னாலேயே வளைந்து வளைந்து வர வேண்டியிருக்கும். கூரை உயரமும் கணக்கில் உண்டு, ஏடிவி குனிந்து போகிற கிளைக்கு அடியில் இது போகாது.

எனவே நீங்கள் உண்மையிலேயே போகப்போகிற தடங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அகல வரம்பு என்ன என்று அந்தத் தடத்தை நிர்வகிப்பவர்களிடமே கேளுங்கள். விற்பனையாளரிடம் கேட்காதீர்கள். வண்டியின் அகலத்தையும் நீங்களே அளந்து பாருங்கள், ஒரு டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை. பழைய வண்டி என்றால் முன்பு வைத்திருந்தவர் அகலமான வீல் மாட்டியிருக்கலாம், அப்போது புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு பொருந்தாது.

50 அங்குல இரண்டு இருக்கை வண்டியைச் சிலர் நடுவழியாகச் சொல்வார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. உட்காரும் உயரத்தோடு ஒப்பிட்டால் சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால், பக்கச் சரிவிலும் வேகமான வளைவிலும் அகலமான வண்டி தரும் நிதானம் அதில் இருக்காது. குறுகலான தடத்தில் மெதுவாக ஓட்டுபவருக்கு அது நல்ல வண்டி. உங்கள் வீட்டில் மூன்று பேர், அந்தக் கணக்கே அதை விலக்கிவிடுகிறது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சைடு-பை-சைடு அதிகம்தான். வண்டி விலையோடு கணக்கு முடிவதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். ஏடிவியைப் பிக்கப் வண்டியின் பின்பக்கத்திலேயே ஏற்றிவிடலாம். நான்கு இருக்கை வண்டிக்கு டிரெய்லர் வேண்டும், அதை இழுக்கத் தெம்பான வாகனம் வேண்டும், இரண்டையும் நிறுத்த இடம் வேண்டும். சேற்றில் மாட்டினால் கையால் தூக்க முடியாது என்பதால் வின்ச்சும் (வண்டியில் பொருத்திய, கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வேண்டும், அதன் இழுவைத் திறன் பொருட்களோடு சேர்த்த வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். இரண்டு வகையிலும் பெரும்பாலான மாடல்களில் எஞ்சினின் சக்தியை ரப்பர் பெல்ட்தான் கடத்துகிறது. ஆள் ஏறி எடை கூடும்போது பெல்ட் சீக்கிரம் சூடாகும். ஏற்றத்திலும் பாறையிலும் மெதுவாகப் போகும்போது லோ கியரில் போட்டு ஓட்டினால் அது நீண்ட நாள் உழைக்கும். குதிரைத்திறனைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள், காட்டுத் தடத்தில் அதில் பாதியைக்கூட நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். குடும்பத்தோடு போகும் நாட்கள் நிஜமாகவே பாதி என்றால், தடங்களும் இடம் கொடுத்தால், நான்கு இருக்கை சைடு-பை-சைடு வாங்குங்கள். தனியாகப் போகும் நாளில் அதை ஓட்டலாம், ஏடிவியின் சுகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மூன்று பேர் போகும் நாளில் ஏடிவியை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆனால் உங்கள் பகுதித் தடங்கள் பெரும்பாலும் 50 அங்குலத்துக்குள் என்றால், உங்களுக்காக ஒரு ஏடிவி வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு போகும்போது மட்டும் அகலமான தடங்கள் உள்ள இடத்தில் சைடு-பை-சைடை வாடகைக்கு எடுப்பதே சரி.

அந்த “பாதி நாட்கள்” என்ற கணக்குதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மனைவியும் மகளும் இதுவரை ஒருமுறையாவது இதில் போயிருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தூசியும் குலுக்கலும் சத்தமும் எல்லோருக்கும் ஒத்துவராது. பின்சீட்டில் குலுக்கல் இன்னும் தெரியும், தலைசுற்றல் வருபவர்கள் உண்டு. அதனால் வாங்குவதற்கு முன் நான்கு இருக்கை வண்டி ஒன்றை அரை நாள் வாடகைக்கு எடுங்கள். ஒரு மணி நேரமாவது நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வாருங்கள், அப்போது மனைவி ஓட்டட்டும். அவருக்கு ஓட்டப் பிடித்துவிட்டால் கணக்கே மாறிவிடும். இன்னொரு நாள் ஏடிவியை எடுத்து நீங்கள் தனியாக ஓட்டிப் பாருங்கள். எதை வாங்கினாலும் அதற்கான பயிற்சி வகுப்பைத் தேடுங்கள். அமெரிக்காவில் ஏடிவிக்கு ஏடிவி சேஃப்டி இன்ஸ்டிட்யூட்டும், சைடு-பை-சைடுக்கு ரோவா அமைப்பும் தனித்தனியாகப் பாடம் நடத்துகின்றன, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு திறமைகள். மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் அந்த வகுப்பில் அவர் பெயரையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.