அட்டை குத்திவிட்டு வரும் ஓநாய்

கேள்வி: ஆட்டு மந்தையைக் காக்கும் நாயும் ஆடு திருட வரும் ஓநாயும் காலையில் சேர்ந்தே வேலைக்கு வருகிற பழைய கார்ட்டூனை என் மகன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ரோட் ரன்னர் என்ற பறவையைத் துரத்துகிற அதே ஓநாய்தானா இது? நிஜ நாய் அப்படி அசையாமல் உட்கார்ந்து காவல் காக்குமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அச்சு ஒன்று, ஆள் வேறு. மூக்கைப் பாருங்கள். ரோட் ரன்னரிடம் அடிபடுகிறது கயோட்டி, ஓநாய்க்கு உறவான விலங்கு; அதற்குக் கறுப்பு மூக்கு. இந்த ஓநாய் ரால்ஃபுக்குச் சிவப்பு. இரண்டுமே வார்னர் பிரதர்ஸில் சக் ஜோன்ஸ் படைத்தவை. நாயின் பெயர் சாம். 1953-லிருந்து 1963 வரை ஏழு படங்கள் வந்தன; கடைசியை மட்டும் வேறு இருவர் இயக்கினார்கள்.

எனக்கு இதில் உயிரே அந்த மரத்தில் மாட்டியிருக்கும் கடிகாரம்தான். சாப்பாட்டு டப்பாவோடு இருவரும் வருவார்கள், பேர் சொல்லி வணக்கம் வைப்பார்கள், வேலை நேரம் பதிய அந்தக் கடிகாரத்தில் அட்டையைச் செருகிக் குத்துவார்கள். சங்கு ஊதிய பிறகுதான் ரால்ஃப் திருடன், சாம் காவல்காரன். 1962-இல் வந்த படத்தில் ரால்ஃபைப் பிடித்துக்கொண்டு சாம் குத்த ஓங்கும்போது மதியச் சங்கு ஊதிவிடும். அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் விட்ட இடத்திலேயே போய் நின்றுகொள்ள, அந்தக் குத்து விழும்.

நான் 11 வருஷம் பஞ்சாலையில் அட்டை குத்தியவன். எங்கள் ஸ்பின்னிங்கில் இரண்டு பேர், ஆளுக்கொரு யூனியன். கேட் மீட்டிங்கில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் ஒருவர் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய்க்கு மற்றவர் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். ரால்ஃபும் சாமும் சாயங்காலம் விடைபெறும்போது எனக்கு அந்த இருவர் முகம்தான் வரும். உங்கள் பிள்ளை சிரிக்கட்டும். நான் அந்த இடத்தில் சிரித்ததில்லை, தொண்டை அடைக்கும்.

அடுத்து, நிஜ நாய். ஆட்டை ஓட்டி மடக்குகிற நாய் ஒரு ரகம், காவல் நாய் இன்னொரு ரகம். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பைரனீஸ் மலையின் பெரிய வெள்ளை நாய் இரண்டாவது ரகம். குட்டியிலேயே ஆடுகளோடு விட்டு வளர்ப்பார்கள். அதற்கு மந்தைதான் குடும்பம். பெரும்பாலும் ஓநாயோடு கட்டிப் புரளாது. குறுக்கே வந்து நின்று குரைக்கும், அதிலேயே ஓநாய் வேறு இடம் பார்த்துப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் சாம் மாதிரியே, சும்மா கிடப்பதாகத்தான் தெரியும்.