ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர்ங்கற மரம் தேய்க்கற மெஷின் போட்ட மேசையில வட்ட வட்டமா கோடு விழுது, மலிவு மெஷின் வாங்கினதுதான் தப்பா?

மெஷின் மேல தப்பு இருக்காதுங்க, நீங்க அதைப் போட்டு அழுத்தியிருப்பீங்க. பார்க்காமலே எப்படிச் சொல்றன்னு கேட்பீங்க. தேய்ச்சப்போ வழவழன்னு இருந்துச்சு, ஸ்டெய்ன், அதான் மரத்துக்கு நிறம் ஏத்துற பூச்சு, பூசினதும்தான் கோடு தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. அப்படியே என் கதை.

போன வருஷம் மகளோட நலங்கு. எங்கம்மா வீட்லேர்ந்து வந்த ரெண்டு தேக்கு மணை என்கிட்ட இருக்கு, பழைய வார்னிஷ் கறுத்துப்போய், நம்மூரு புழுக்கத்துல உக்கார்ந்தா துணியில பிசுபிசுன்னு ஒட்டும். மகள் அலங்காரக்காரங்ககிட்ட வெள்ளை மெத்தை வச்ச நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம்னா. நான் விடல. இங்க சிங்கப்பூர்ல ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில 70 வெள்ளிக்கு (டாலருக்கு) 5 இஞ்சு சாண்டர் ஒண்ணு வாங்கினேன். கடைக்கார அங்கிள் "வீட்டுக்காரர் காண்ட்ராக்டரா?"ன்னு கேட்டார். இல்ல, நான் தச்சர் மகள்னு சொன்னேன். அப்பா செம்பவாங்ல கப்பல் பட்டறையில மரவேலை பார்த்தவர், இழைப்புளியத் தொடவே விடமாட்டார், ஆனா உப்புத்தாளை மரக்கட்டையில சுத்திக் கையில கொடுத்து தேய்ன்னு உக்கார வச்சிருவார். அந்தத் திமிர்லதான் போனேன்.

சமையலறைக்குப் பின்னாடி துணி காயப்போடுற இடத்துல பேப்பர் விரிச்சு ஆரம்பிச்சேன். பாக்கெட்ல இருந்தது 60, 240 நம்பர் உப்புத்தாள்தான் (நம்பர் கூடக் கூட மணல் நைசா இருக்கும்), ரெண்டு தாள் போதும்னு நினைச்சேன். வார்னிஷ் போக மாட்டேங்குதுன்னு முழு உடம்பையும் மெஷின் மேல சாய்ச்சு, 60 போட்டு முடிச்சு, நேரா 240. தடவிப் பார்த்தா வெண்ணெய். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஸ்டெய்ன் பூசினேன், பத்து நிமிஷத்துல மணை முழுக்க தேன்குழல் பிழிஞ்ச மாதிரி சின்னச் சின்னச் சுருளா கறுப்பா எழும்பி வந்துச்சு. சனிக்கிழமை நலங்கு. "மேல புடவைய விரிச்சிட்டா யாருக்குத் தெரியும்"னார் என் வீட்டுக்காரர். அன்னைக்கு ராத்திரி அவரோட பேசல.

அப்புறம்தான் இந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னே படிச்சேன். இதுல ரெண்டு அசைவு இருக்கு. தாள் ஒட்டியிருக்கற தட்டை மோட்டார் ஒரு சின்ன வட்டத்துல உதறிக்கிட்டே இருக்கும், நிறைய மெஷின்ல 2.5 மி.மீ அகலம், நிமிஷத்துக்கு 12,000 தடவை வரைக்கும். அதுக்கு மேல தட்டு தன்பாட்டுக்கு மெதுவா சுத்தும், அந்தச் சுத்தை மோட்டார் பிடிச்சு வைக்கறதில்ல. ரெண்டும் சேர்றதாலதான் ஒரே கோட்டுல திரும்பத் திரும்பக் கீறாது. நாம அழுத்தினா சுத்து நின்னுபோயிடும், உதறல் மட்டும் நிக்காது, அப்போ ஒவ்வொரு மணலும் அதே இடத்துல குட்டி வட்டம் போடும். உங்க மேசையில இருக்கறது அதுதான். தட்டோட விளிம்புல பென்சிலாலயோ மார்க்கராலயோ ஒரு கோடு போட்டுட்டு மரத்து மேல வச்சு ஓட்டிப் பாருங்க, கோடு சுத்தி வர்றது கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா அழுத்துறீங்கன்னு அர்த்தம். மெஷினோட கனமே போதும், கை அதுக்கு வழிகாட்ட மட்டும்தான்.

இன்னொண்ணு, தாள் நம்பரைத் தாவக்கூடாது. 60 போட்ட பள்ளத்த 240 எடுக்காது, மேட்டை மட்டும் பளபளப்பாக்கிட்டுப் போயிடும், ஸ்டெய்ன் போய் பள்ளத்துல உக்காந்துக்கும். புதன்கிழமை லீவு போட்டு 80, 120, 180-ன்னு மறுபடி முதல்லேர்ந்து பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் மணை மேல பென்சிலால கன்னாபின்னான்னு கிறுக்கிட்டு, கிறுக்கல் முழுசா போனப்புறம்தான் அடுத்த தாள். நடுவுல துணியால தூசியத் துடைக்கணும், போன தாளோட ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் அது சுருள் போட்டுடும். விநாடிக்கு ஒரு இஞ்சுன்னு மெதுவா நகர்த்துங்க, அவசரப்பட்டா திரும்ப அதே கதைதான். மெஷினை மரத்து மேல வச்சிட்டு ஆன் பண்ணுங்க, அந்தரத்துல ஓடவிட்டு இறக்கினா அந்த இடத்துல வெட்டு விழும். கடைசியா அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி மரக்கட்டையில 180 தாளைச் சுத்தி ரேகை போற பக்கமா கையால நாலு இழுப்பு. விளக்கை அணைச்சிட்டு போன் டார்ச்சை பக்கவாட்டுல மரத்தோட ஒட்டிப் பிடிச்சா மிச்சமிருக்கற சுருளெல்லாம் காட்டிக்கொடுத்துடும், ஸ்டெய்ன் பூசறதுக்கு முன்னாடியே.

இப்போ 400 வெள்ளி மெஷின் வச்சிருக்கவங்க சண்டைக்கு வருவீங்க. விலை கூடினா கை அவ்வளவு அதிராது, தூசியும் நல்லா இழுக்கும், ஒத்துக்கறேன். நான் தொழில்காரி இல்ல, அலுவலகத்துல கணக்குப் பார்க்கறவ. ஆனா என் 70 வெள்ளி மெஷின்தான் ரெண்டாவது தடவை ஒழுங்கா செஞ்சுது, மாறினது என் கைதான்.

தூசிய லேசா எடுத்துக்காதீங்க. மரத்தூசி புற்றுநோய் வரவைக்கும்னு உலக அளவுல வகைப்படுத்தியிருக்காங்க, தேக்குத் தூசி சிலருக்கு அரிக்கவும் செய்யும். என்95 முகக்கவசம் கண்டிப்பா போடுங்க. மெஷினோட வர்ற குட்டிப் பை பாதி தூசிய வெளியிலதான் விடுது, வேக்குவம் குழாயும் மெஷின் வாயும் அளவு சேராம நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவுல மாட்டி கேபிள் டை போட்டிருக்கேன், அசிங்கமா இருக்கும், ஆனா வேலை செய்யுது. தாள் ஓட்டையும் தட்டு ஓட்டையும் நேரா இருக்கணும், இல்லைன்னா எதை மாட்டியும் இழுக்காது.

சத்தம் பத்திக் கேட்டிருந்தீங்க. கீழ் வீட்டுல ஒருத்தர் என் மேல புகார் கொடுத்தார். புதன்கிழமை மத்தியானம் 3 மணிக்கு! ஞாயித்துக்கிழமையும் பொது விடுமுறையும் ரெனவேஷன் கூடாதுன்னு வீவக (எங்க அடுக்குமாடி வீடுகளைப் பார்த்துக்கற அரசாங்கக் கழகம்) சொல்லியிருக்கு, அந்த நாள்ல நான் மெஷினத் தொட்டதே இல்ல. அதே மனுஷர் வீட்டுல சீனப் பெருநாள் வந்தா விடிய விடிய மாஜோங் ஆட்டம், நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. எங்களுக்கு மேல் மாடியில ராத்திரி 2 மணிக்கு கோலிக்குண்டு உருளுது, பதினஞ்சு வருஷமா உருளுது, அந்த வீட்டுல குழந்தையே இல்ல, குழாயில தண்ணி போற சத்தம்னு சொல்லுவாங்க, அதை யார்கிட்ட போய்ப் புகார் கொடுக்கறது? சரி விடுங்க. கார்டன் மேசை மேல ஒரு பழைய ரப்பர் பாயை விரிச்சு அதுக்கு மேல மரத்த வச்சுத் தேய்ங்க, தரையில வச்சா அதிர்வு நேரா கீழ் வீட்டுக்குத்தான் போகும்.

சனிக்கிழமை மணை ரெண்டும் தேன் நிறத்துல இருந்துச்சு. குடும்ப வாட்சப் குரூப்புல "மாமா சூப்பரா பண்ணியிருக்காரு"ன்னு பதினேழு மெசேஜ். புடவைய விரிக்கச் சொன்ன மாமா, ஒவ்வொண்ணுக்கும் கைகூப்பு எமோஜி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார்.

முக்கியமான ஒண்ண மறந்துட்டேன். மறுபடி 80 போடறதுக்கு முன்னாடி மேசை ஓரத்தக் குனிஞ்சு பாருங்க. மேல் பலகை ரேகை ஓரத்துலயும் தொடர்ந்து வந்தா அது முழு மரம். காகிதம் மாதிரி ஒரு மெல்லிசுத் தகடு ஒட்டியிருந்தா அது வெனீர், நிறைய மேசையில அரை மி.மீ அளவுதான் இருக்கும், 80 போட்டா அரை நிமிஷத்துல அடியில இருக்கற பலகை எட்டிப் பார்க்கும், அப்போ கையால 180-ல தொட்டதோட நிறுத்திக்கோங்க. மரத்துக்கு எண்ணெயோ எண்ணெய் ஸ்டெய்னோ பூசித் துடைச்ச துணியையும் சுருட்டி ரப்பிஷ் சூட்ல (குப்பை போடுற குழாயில) போடாதீங்க, தானா சூடாகிப் பத்திக்கும், விரிச்சுக் காயப்போடுங்க. ஓரத்த ஒரு போட்டோ எடுத்து கீழ போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.